கார்டில் ஒரு காலி இடம்

கடப்பாக்கம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்சாவுக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைக்கும்போதுதான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது. இனிமேல் உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்தால் என்ன செய்வது?

பயத்தில் வந்த கேள்வி இல்லை. சுனாமி வந்த வாரம் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கிய அத்தனை பேருக்கும் அடுப்பை அணைக்காமல் ஆக்கிப் போட்டவள் அவள். புருஷன் போனபின் ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்து ஆளாக்கியவள். நாளைக்கு எத்தனை பிள்ளைகள் வரும், எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று இன்றைக்கே யோசித்துப் பழகிய மூளை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்றது. அவ்வளவுதான்.

முதலில் மகளைக் கேட்டாள். மகள் சிநேகா கேளம்பாக்கத்தில் புருஷன், மாமனார், மாமியாரோடு ஃபிளாட்டில் இருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கம்பெனியிலேயே குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. போனில் அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவள் குரல் இறங்கிவிட்டது.

"அம்மா, அப்பா அம்மாவ சேக்கலாம், இல்லன்னா மாமனார் மாமியார சேக்கலாம். ஏதாவது ஒரு பக்கந்தான். மாமாவுக்கு ஹார்ட்ல பிரச்சனை இருந்திச்சா, அதனால அவங்கள..."

"அடியே, இன்னாத்துக்கு மூக்க உறிஞ்சிகினு கீற? ஒரு எலதான் போடுவேன்னு சொன்னான், பசியோட இருந்தவர ஒக்கார வெச்ச. நல்ல காரியந்தான் பண்ண. எனக்கு நான் பாத்துக்கறேன் போ."

சொன்னபடியே ஒரு திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறிக் கல்பாக்கம் புதுப்பட்டினத்தில் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தாள். அங்கே ஒரு மாடியில் இன்சூரன்ஸ் ஆபீஸ் இருந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் அவள் வயதைக் கேட்டார். சர்க்கரை உண்டா என்று கேட்டார். இங்கிலீஷில் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து, இந்த வயசுக்கு ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, இ.சி.ஜி. எல்லாம் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றார்.

பக்கத்துக் கவுன்ட்டரில் வெள்ளை மீசை வைத்த உயரமான ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க வந்தவர். அவர் காகிதத்தை நீட்டினார், அந்தப் பக்கம் முத்திரை குத்தினார்கள், வேலை முடிந்தது.

அம்சாவால் வாயை அடக்க முடியவில்லை.

"உங்க வண்டி எந்த வருசத்துதுங்க?"

"எழுபத்தொம்பதும்மா. ராஜ்தூத்."

"பாத்தியா அநியாயத்த! உங்க ஓட்ட வண்டிக்கு நின்ன எடத்துல குடுக்கறாங்க. அதவிட நான் நல்லா ஓடறேன். எனக்கு ரத்தம் குடு, மூத்திரம் குடுன்றாங்க."

அந்த மனிதர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்த சிரிப்பில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவர் பெயர் ஆபிரகாம். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்சாதி இறந்து சில வருஷம் ஆகிறது. மகன் ஆல்வின் சென்னையில் வேலை செய்கிறான். இவர் புதுப்பட்டினத்தில் சொந்த வீட்டில் தனியாகச் சமைத்து, முக்கால்வாசி நாள் அதைக் கருக்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதையெல்லாம் கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவரே சொன்னார். அந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துச் சொல்கிறேன் என்றுதான் உட்கார்ந்தார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. நாங்க வேல செஞ்ச எடத்துல ஆஸ்பத்திரியும் அவங்களே வெச்சிகீறாங்க. ரிட்டையர் ஆனப்புறமும் ஒரு தொகைய கட்டிட்டா கார்டு குடுத்துடுவாங்க. போனா பாப்பாங்க. அதனால இந்த மாதிரி எதையும் நான் படிச்சதே இல்ல."

"அப்ப ரெண்டு பேரும் சேந்து கத்துக்கலாம். படிங்க."

அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். புரியாத இடத்தில் மீசையைத் தடவினார். முதல் மாதத்தில் வருகிற காய்ச்சலுக்குக் கிடையாது. கண்புரை மாதிரி சில ஆபரேஷன்களுக்கு முதல் வருஷம் கிடையாது. பாலிசி எடுக்கும் முன்பே இருக்கிற வியாதிக்கு எப்போதும் கிடையாது. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உண்டு. தினம் போடும் மாத்திரைக்கு இல்லை. சில ஆஸ்பத்திரிகளில் நம் கையில் பணம் இல்லாவிட்டாலும் கம்பெனியே நேராகக் கட்டிவிடும். மற்ற இடங்களில் நாம் கட்டிவிட்டு ரசீதை அனுப்ப வேண்டும்.

"இம்மா விசயம் கீதா இதுல!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அதன்பிறகு மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது அம்சாவுக்குச் செங்கல்பட்டில் வேலை இருந்தது. ஆபிரகாமுக்கும் அதே நாளில் ஏதாவது வேலை வந்துவிடும். ஒருமுறை அவருக்கு வாளிக்குக் கைப்பிடி வாங்க வேண்டியிருந்தது. புதுப்பட்டினத்தில் கிடைக்காத கைப்பிடியா அது என்று அம்சா கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை நினைத்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பரிசோதனையெல்லாம் முடிந்து விண்ணப்பம் எழுதும் நாள் வந்தது. ஏஜென்ட் துரை, சிரித்த முகம், வேகமான பேச்சு, பேனாவை எடுத்தபடியே சொன்னான்.

"யக்கா, சக்கர கீதுன்னு எழுத வேணாம். மாத்திர போட்டுகினு அடுத்த மாசம் மறுபடி ரத்தம் குடுங்க, கம்மியா காட்டும். பேஜாரே இல்ல."

ஆபிரகாம் நாற்காலியை முன்னால் இழுத்தார். "எங்க சித்தப்பா மவன் பி.பி.ய மறைச்சி எழுதனான் தம்பி. அப்புறம் படுத்தப்ப பழைய சீட்ட தோண்டி எடுத்து, ஒண்ணுங் கெடையாதுன்னுட்டாங்க. கட்டனதும் போச்சி."

"எழுதுப்பா," என்றாள் அம்சா. "ஆறு வருசமா சக்கர. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நான் அரிசி மூட்டையிலயே பொய்க்கணக்கு எழுதினது இல்ல. ஒடம்புல எழுதுவனா?"

துரை தலையைச் சொறிந்துகொண்டு எழுதினான். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. வயதையும் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்து, அம்சாவுக்குப் பாலிசி கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டு திரும்பும் வழியில், புதுப்பட்டினம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அம்சா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. ஆபிரகாம் ஏதோ சொல்ல வந்து தொண்டையைக் கனைத்தார். மறுபடி கனைத்தார். கடைசியில், எத்தனையோ நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த நல்ல வார்த்தைகளை எல்லாம் விட்டுவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னார்.

"அம்சாம்மா, என் கார்டுல... சம்சாரம் பேரு இருந்த எடம் காலியாதான் கீது."

அம்சா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா சொல்றீங்க?"

"இல்ல... நீங்க அந்த எடத்துல வந்துட்டா, ஆஸ்பத்திரி செலவு கவல இல்ல பாருங்க. சக்கரைக்கும் அங்கியே மாத்திர குடுத்துடுவாங்க."

"மாத்திரைக்காக நான் ஒருத்தர கட்டிக்கணுமா?"

"அய்யோ, அப்டி இல்லம்மா..."

"போதும். நீங்க நல்லவருதான். ஆனா என்ன இன்னான்னு நெனச்சிட்டீங்க?"

டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டு எழுந்தாள். எதிரில் வந்து நின்ற பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வேண்டுமென்றே மறுபக்கம் பார்த்துக்கொண்டாள். கோபத்தில் போர்டைப் பார்க்கவில்லை. வண்டி தெற்கே போகாமல் வடக்கே திரும்பி, சவுக்குத் தோப்புகளையும் உப்பங்கழியையும் தாண்டிய பிறகு, கண்டக்டர் வந்து நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"கடப்பாக்கம் ஒண்ணு."

"இன்னாம்மா நீ, கடப்பாக்கம் அந்தாண்ட கீது. இது மகாபலிபுரம் போவுது!"

பஸ்ஸே சிரித்தது. முதலில் முறைத்த அம்சாவும் கடைசியில் சிரித்துவிட்டாள். சரி, வந்தது வந்தாயிற்று என்று மகாபலிபுரத்திலேயே இறங்கி, கடற்கரைப் பக்கம் நடந்து, மணலில் செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தாள். காற்று முகத்தில் அடித்தது. கோபம் அலை வந்து போகிற மாதிரி வந்தது, போனது. போனபிறகு மணலில் ஒன்று மட்டும் மிச்சம் நின்றது. அந்த மனிதர் கார்டு என்ற வார்த்தையைச் சொல்லாமல் கேட்டிருந்தால், அவள் என்ன சொல்லியிருப்பாள்? அதை நினைத்ததும் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்பது போலச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்தில் ஒரே நிறச் சேலை கட்டிய பெண்கள் கூட்டம் ஒன்று புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. மகளிர் சுய உதவிக் குழு. வேனில் ஊர் சுற்ற வந்தவர்கள். தனியாக உட்கார்ந்திருந்த அம்சாவைப் பார்த்து அவர்களில் ஒருத்தி, செங்கம்மாள் என்று பெயர், ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"துன்னுக்கா. மொகத்த பாத்தா பசி மாரி கீது."

சாப்பிட்டுக்கொண்டே பேச்சு வளர்ந்தது. செங்கம்மாள் பித்தப்பையில் கல் இருந்து போன மாதம்தான் ஆபரேஷன் செய்துகொண்டவளாம். செலவை இன்சூரன்ஸ்காரன் கொடுத்தான் என்றாள்.

"உனக்கு எப்டிம்மா குடுத்தான்? எனக்குச் சக்கரன்னு முடியாதுன்னுட்டானே!"

"தனியா போனா அப்டித்தாங்கா. நாங்க எல்லா கொழுவும் கூட்டா போனோம். கூட்டா போனா ஆளாளுக்கு ரத்தம் கித்தம் பாக்கறது இல்ல. பழைய வியாதிக்கு மொத வருசம் மட்டும் இல்ல, அப்புறம் அதுக்கும் உண்டுன்னு எழுதி வாங்கினோம். ஆனா ஒண்ணு, இன்சூரன்சுக்காகவே கூட்டம் சேத்துகினு போனா ஒத்துக்க மாட்டான். முன்னாடியே இருக்கற சங்கமா இருக்கணும். வயசுப் பொண்ணுங்களும் கூட இருக்கணும்."

அம்சா கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். வந்த கோபத்துக்கு நல்ல காரியம்தான் நடந்திருக்கிறது. சத்துணவு ஊழியர்களுக்கு அந்த வட்டாரத்தில் பல வருஷமாகச் சங்கம் இருக்கிறது. அதற்குப் பொருளாளராகவே அவள் இருந்திருக்கிறாள்.

மறுநாளே வேலையைத் தொடங்கினாள். செய்யூர், சூணாம்பேடு, கடப்பாக்கம் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனாள். ஓய்வு பெற்றவர்கள் உடனே சேர்ந்தார்கள். வேலையில் இருந்த இளம் வயதுக்காரிகள்தான் பின்வாங்கினார்கள்.

"நோவே வரலன்னா கட்டன காசு வீண்தானேக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஏண்டி, நம்ம சமையக் கூடத்துல செவப்பு வாளில மண்ணு ரொப்பி மாட்டி கீதே, எத்தினி வருசமா கீது?"

"நான் சேந்த நாள்லேந்து."

"என்னிக்காவது நெருப்பு புடிச்சிச்சா?"

"இல்ல."

"ஐயோ மண்ணு வீணா போச்சேன்னு நீ என்னிக்காவது அழுதியா?"

கூடமே சிரித்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்தார்கள்.

துரைக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. ஒரே ஒரு ஆளுக்காகப் போய் இல்லை என்று கேட்டு வந்தவன், இப்போது ஊரையே கூட்டிக்கொண்டு போகிறான் அல்லவா! வேறொரு கம்பெனியில் பேசி, செங்கம்மாள் சொன்ன மாதிரியான நிபந்தனைகளோடு சம்மதம் வாங்கிவந்தான். கையெழுத்துப் போடும் முன் சங்கத்துப் பெண்களுக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்று அம்சா ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டாள். துரை வேகவேகமாகப் பேசினான். பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் கூச்சம்.

அப்போது வாசலில் ராஜ்தூத் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அம்சாவுக்குத் திரும்பிப் பார்க்காமலேயே தெரிந்தது.

ஆபிரகாம் உள்ளே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். துரைதான் சொல்லியிருக்கிறான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்று எழுந்தார். கரும்பலகையில் ஒரு பக்கம் 'கிடைக்கும்' என்றும் மறுபக்கம் 'கிடைக்காது' என்றும் எழுதி, நடுவில் கோடு போட்டார். ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்லி, பாலிசியைப் பார்த்துப் பார்த்து எழுதினார். பல் பிடுங்கினால்? கிடைக்காது. கர்ப்பப்பை எடுத்தால்? முதல் வருஷம் தாண்டினால் கிடைக்கும். மாமியாருக்கு? தனியாகக் கட்டினால் கிடைக்கும். "கட்டாமலே இருந்தா?" என்று ஒருத்தி கேட்க, அவர் யோசித்து, "மாமியார்கிட்ட கெடைக்கும்," என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகும் இரண்டு கூட்டத்துக்கு வந்தார். அம்சாவிடம் பஸ் நிறுத்தத்து விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட எடுக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. வருவார், எழுதுவார், கையில் ஒட்டிய சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு, "வரேன்மா," என்று போய்விடுவார். அவர் போனபின் கூடம் பெரிதாகிவிட்டது போல இருக்கும் அம்சாவுக்கு.

சங்கத்துக்குக் கார்டுகள் வந்தன. அம்சா எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தாள். தன்னுடையதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலமே புதுப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினாள். இந்தத் தடவை போர்டை இரண்டுமுறை பார்த்துத்தான் ஏறினாள்.

ஆபிரகாம் வாசலில் வண்டியைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கிரீஸ் கையோடு எழுந்து நின்றார். உள்ளே இருந்து ரசம் கருகும் வாசனை வந்தது.

"அடுப்ப மொதல்ல அணைங்க," என்றாள்.

ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தார்.

அம்சா கார்டை எடுத்துக் காட்டினாள். "எனக்கு வந்துடுச்சி."

"ரொம்ப சந்தோசம்மா. நெஜமாவே சந்தோசம்."

"இப்ப எனக்கு உங்க கார்டு தேவை இல்ல."

"தெரியும்மா."

"அதனாலதான் வந்துகீறேன். அன்னிக்கி டீக்கடைல ஒண்ணு கேட்டீங்களே, அத இப்ப கேளுங்க. ஆஸ்பத்திரி, மாத்திர, கார்டு, ஒண்ணும் உள்ள வரக்கூடாது."

ஆபிரகாம் கிரீஸ் துணியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பக்கத்து வீட்டு மதில்மேல் இரண்டு தலைகள் எழும்பின. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"அம்சாம்மா... வாளிக்குக் கைப்பிடி வாங்கதான் செங்கல்பட்டு வந்தேன்னு சொன்னன் இல்ல?"

"ஆமா."

"எங்க வூட்ல வாளியே பிளாஸ்டிக்தான். புதுசு."

அம்சா சிரிக்க ஆரம்பித்தாள்.

"உங்களப் பாக்காத நாளு ஓடவே மாட்டேங்குது. என்ன கட்டிக்கறீங்களா?"

"கட்டிக்கறேன்," என்றாள். மதில்மேல் இருந்து கைதட்டல் கேட்டது.

அன்றைக்கு அங்கேயே நின்று அவளே வேறு ரசம் வைத்தாள். சாப்பிடும்போது ஆபிரகாம் தயங்கித் தயங்கி, "ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? கல்யாணத்துக்கு அப்புறம் என் கார்டுலயும் உங்க பேர..." என்றார்.

"எழுதாம வுட்டுடுவீங்களா? அது உங்க சம்சாரத்துக்கு உண்டானது, நான் ஏன் வுடணும்? என்னோடதையும் வருசா வருசம் கட்டிகினு வருவேன். ரெண்டு கண்ணு இருக்கறவ ஒண்ண மூடிகினா நடப்பா?"

பிள்ளைகளிடம் சொல்வதற்குத்தான் இருவருக்கும் வெட்கமாக இருந்தது. சிநேகா போனில் இரண்டுமுறை, "நெஜமாவாம்மா?" என்று கேட்டாள். பிறகு, "அம்மா, எங்க கம்பெனில உன்ன சேக்கலன்னு கோச்சிகினு ஒண்ணும்..." என்று இழுத்தாள்.

"அடச்சீ! அந்த ஆளு சிரிச்சா எனக்குச் சிரிப்பு வருதுடி. போதுமா?"

அந்தப் பக்கம் மகள் அழுதுகொண்டே சிரித்தாள். ஆல்வின் நேரிலேயே வந்துவிட்டான். அம்சா ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "அத்த, எங்க அப்பாவ சமையக்கட்டு பக்கம் வுடாதீங்க, அது ஒண்ணு போதும் எனக்கு," என்றான்.

அவர் கிறிஸ்தவர், இவள் இந்து. அதனால் ஒரு மாதம் நோட்டீஸ் ஒட்டிவைத்து, செங்கல்பட்டு ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் துரையும் உண்டு. விருந்து கடப்பாக்கத்தில், சாலையோரம் பந்தல் போட்டு. சமையலைச் சங்கத்துப் பெண்களே எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் பேர்தான் வருவார்கள் என்று அம்சா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் பழகிய கை அவர்களுடையது. குறைவாகப் போடத் தெரியவில்லை. அண்டா அண்டாவாகச் சோறு. மலை மாதிரி உருளைக்கிழங்கு. பாயசத்துக்கு மட்டும் ஒரு தனி அடுப்பு.

உறவுக்காரர்கள் சாப்பிட்டார்கள். தெருக்காரர்கள் சாப்பிட்டார்கள். வலை இழுத்துவிட்டுக் கரையிலிருந்து வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். செங்கம்மாள் ஒரு வேன் ஆளோடு வந்து இறங்கினாள். அப்படியும் அண்டா குறையவில்லை. கல்யாண மாப்பிள்ளை ஆபிரகாம் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயச வாளியோடு பந்திக்குள் ஓடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பாண்டிச்சேரி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா விசேசம்மா? யாருக்குக் கண்ணாலம்?" என்று கேட்டார்.

"எனக்குத்தாம்பா!" என்றாள் அம்சா, தலைநிறையப் பூவோடு. "எறங்குங்க எல்லாரும். சாப்ட்டு போலாம்."

ஜன்னல்களில் முகங்கள் எட்டிப் பார்த்தன. யாரோ விசிலடித்தார்கள். டிரைவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பாயச வாசனை அடித்திருக்க வேண்டும். வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

அன்றைக்கு அந்தப் பஸ் பாண்டிச்சேரிக்கு ரொம்பத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஏன் லேட்டு என்று ஒரு பயணிகூடக் கேட்கவில்லை.